விளம்பரம் பேசும், பத்திரம்தான் பணம் கொடுக்கும்

"மாசம் முப்பதே முப்பது வெள்ளி! ஒரு இலட்சம் வெள்ளி பாதுகாப்பு! மருத்துவப் பரிசோதனை கிடையாது!"

இப்படி ஒரு விளம்பரம் வந்து விழாத கைப்பேசி இன்று செமினி வட்டாரத்தில் இல்லை எனலாம். கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தால் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பப் படம். அடுத்த நாளே ஏஜண்ட் வீட்டு வாசலில் நிற்கிறார். "அக்கா, நாளைக்கு அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைங்க கதி என்ன?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி போதும், நம் தாய்மார்கள் கலங்கிப் போகிறார்கள். பாரம் வருகிறது, பேனா வருகிறது, கையெழுத்தும் போட்டாச்சு!

ஒரு காலத்தில் செமினி என்றாலே கித்தாக்காடுதான். ரிஞ்சிங், புரோகா, பெரானாங் என்று எந்தப் பக்கம் போனாலும் பால்மரம் நின்றது. இன்று அந்தக் காடுகளில் பல, தாமான்களாகி விட்டன. தோட்டத்தில் இருந்தவரை, நல்லதோ கெட்டதோ, காய்ச்சல் தலைவலி என்றால் போய் நிற்க ஒரு டிரசர் இருந்தார். தோட்டத்தை விட்டு வந்து பாதுகாவலராகவும், துப்புரவுத் தொழிலாளியாகவும், லோரி ஓட்டியாகவும் பிழைக்கும் நம்மவருக்கு அந்த ஆதரவும் இல்லை. ஆகவே காப்புறுதி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும், கண்டு வாங்க வேண்டும்.

சிறுகச் சிறுகக் கொடுத்துப் பெரிதாகக் கட்டியவர்கள் நம் மக்கள். 1954-இல் கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கம் எழுந்தது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளி கொடுத்த சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. இன்னொரு பாடமும் நமக்கு உண்டு. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது ஏறக்குறைய 66,000 பேர் 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். சமுதாயமே உயரும் என்ற வாக்கை நம்பிப் போட்ட பணம் அது. அந்த மைக்காவின் முக்கியச் சொத்தாகக் கடைசியில் நின்றதே ஒரு காப்புறுதி நிறுவனம்தான். 2010-இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த விலை அது! மேடைப் பேச்சை நம்பிப் பணம் போடக்கூடாது, எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

சரி, விளம்பரத்தை எப்படி எடை போடுவது? வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்ப்போம்.

"ஒரு இலட்சம் வெள்ளி வரை" என்று இருக்கிறதா? அந்த 'வரை' என்ற சொல்லில்தான் சூட்சுமம். ஒரு இலட்சம் என்பது உச்சவரம்பு. நமக்கு எதற்கு எவ்வளவு கிடைக்கும் என்பது உள்ளே இருக்கும் பட்டியலில் இருக்கிறது. "முப்பது வெள்ளி முதல்" என்றால், அந்தக் கட்டணம் இளவயதுக்காரருக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

மலிவாக இருக்கிறதென்றால் ஏன் மலிவு என்று பாருங்கள். பல வேளைகளில் அது தனிநபர் விபத்துக் காப்புறுதியாக இருக்கும். விபத்தில் இறந்தால்தான் பணம். நெஞ்சுவலியில் போனால் ஒரு சென் கூட வராது. இது மோசடி அல்ல. பத்திரத்தில் தெளிவாக எழுதித்தான் இருக்கும். நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், அதற்கு விதிவிலக்கு ஏதும் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும்.

"பரிசோதனை கிடையாது" என்பதும் அப்படித்தான். பரிசோதனை இல்லையே தவிர, கேள்விகள் உண்டு. இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உண்டா என்று பாரத்தில் கேட்டிருப்பார்கள். "அதெல்லாம் எழுதாதீங்க அண்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நாளைக்குப் பணம் கேட்டுப் போகும்போது, பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. ஆயுள் காப்புறுதி இரண்டு ஆண்டுக்கு மேல் நடப்பில் இருந்தால், மோசடி என்று காட்டினால் ஒழிய கம்பெனி அதைத் தள்ள முடியாது என்று 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் சொல்கிறது. அதற்காக நோயை மறைக்கலாம் என்று நினைத்து விடாதீர்கள்.

மருத்துவக் காப்புறுதியில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. பொதுவாக முதல் 30 நாளுக்கு நோய்ச் செலவு கிடையாது. குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். இன்று கையெழுத்து, நாளை ஆஸ்பத்திரி என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

"கட்டணம் கட்டுப்படியாகும்" என்ற வாக்கு எத்தனை நாளைக்கு? 2024-இல் நாடே பார்த்தது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் திடீரென ஏறியதில் ஆயிரக்கணக்கானோர் கூக்குரலிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பரப்ப வேண்டும், குறைந்தது 80 விழுக்காட்டுச் சந்தாதாரர்களுக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2026 இறுதி வரைக்கும் ஏற்பாடு செய்தது. இன்று கட்ட முடிகிற தொகை, அறுபது வயதில் வேலை இல்லாதபோதும் கட்ட முடிகிற தொகையா? இந்தக் கணக்கை ஏஜண்ட் போட மாட்டார். நாம்தான் போட வேண்டும். பாதியில் நிறுத்தினால், பாதுகாப்பு தேவைப்படும் வயதில் அது இருக்காது.

"முதலீடும் உண்டு, பாதுகாப்பும் உண்டு" என்பார்கள். அப்படிப்பட்ட பத்திரத்தோடு ஒரு கணக்குத் தாள் காட்டுவார்கள். ஆண்டுக்கு 2 விழுக்காடு இலாபம் வந்தால் இவ்வளவு, 5 விழுக்காடு வந்தால் இவ்வளவு என்று இரண்டு வரிசை இருக்கும். ஏஜண்டின் விரல் பெரிய தொகையின் மேல்தான் நிற்கும். நீங்கள் சின்னத் தொகையைப் பாருங்கள். இரண்டுமே கணிப்புதான், உத்தரவாதம் அல்ல.

புதிதாக வாங்குமுன், கையில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்தீர்களா? 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த சொக்சோ இருக்கிறது. வேலையிடத்திலோ, வேலைக்குப் போய் வரும் வழியிலோ விபத்து நேர்ந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், கணக்கிடப்பட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலை விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. முதலாளி உங்கள் பெயருக்குச் சொக்சோ கட்டுகிறாரா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்வோர் கட்டாயம் பார்க்க வேண்டும். முப்பது வெள்ளி விளம்பரத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்.

கம்பெனி உண்மையானதா என்று அறியவும் வழி உண்டு. உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனங்களின் பட்டியலைப் பேங்க் நெகாரா வெளியிடுகிறது. மக்கள் ஏமாறாமல் இருக்க எச்சரிக்கைப் பட்டியலும் வைத்திருக்கிறது. சந்தேகம் என்றால் 1-300-88-5465 என்ற எண்ணுக்குப் பேசலாம். கம்பெனி நொடித்துப் போனால், பி.ஐ.டி.எம். என்ற அரசு அமைப்பு இறப்பு, ஊனம் போன்றவற்றுக்கு 500,000 வெள்ளி வரை பாதுகாப்புத் தருகிறது. முதலீட்டுப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சந்தாப் பணத்தை ஏஜண்டின் சொந்தக் கணக்கில் போடவே போடாதீர்கள். கம்பெனிக்குக் கட்டி, ரசீது வாங்குங்கள்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு வழி இருக்கிறது. ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு இருந்தால் அதைக் கழித்துக் கொண்டு பணத்தைத் தருவார்கள். ஆகவே பத்திரம் வந்ததும் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஐந்தாம் படிவம் படித்த பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தாலும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வாரிசுப் பெயர் சரியாக இருக்கிறதா, அடையாள அட்டை எண் சரியா என்று பாருங்கள். பத்திரம் இருக்கும் இடம் வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். புருஷன் கட்டியது மனைவிக்குத் தெரியாவிட்டால், யார் போய்ப் பணம் கேட்பது?

கேட்டும் கம்பெனி மறுத்தால் ஓய்ந்து விடாதீர்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் எப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பு செயல்படுகிறது. கம்பெனியின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் அங்கே முறையிடலாம். 250,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அடுத்த முறை ஏஜண்ட் வந்தால் விரட்ட வேண்டாம். அவருக்கும் அது பிழைப்பு. உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, நான்கே கேள்வி கேளுங்கள்: எதற்குப் பணம் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது? எப்போதிருந்து கிடைக்கும்? கட்டணம் ஏறுமா? "நீங்க சொன்னது இதுல எங்கே எழுதியிருக்கு, தம்பி? காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் யோசிக்கலாம். காட்டாவிட்டால் அந்த முப்பது வெள்ளி வீட்டிலேயே இருக்கட்டும்.