டி.வி.டி. இயக்கியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் முறை

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள் தொடங்கிற்று. வண்ணப் படம் 1978ஆம் ஆண்டின் இறுதியிலே வந்தது. அந்நாளில் கூரைமேல் நிற்கும் ஏரியல் ஒன்றே பெட்டிக்குள் படம் வந்து சேரும் வழி. இன்றோ பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பல நிறத் துளைகள் வரிசையாக நிற்கின்றன. எத்துளையில் எந்த வயரைச் செருகுவதென அறியாது, காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி. இயக்கியை அலமாரியில் அழகுப் பொருளாக வைத்திருக்கும் இல்லங்கள் சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் உண்டு என்பதை நாம் அறிவோம்.

திரைப்படம் பார்க்க இயலவில்லை என்பது பெரிய இழப்பன்று. ஆனால் பிள்ளைகளின் திருமணம், தோட்டத்துக் கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டு விழா ஆகியவற்றைப் பலர் இத்தட்டுகளில் பதிவு செய்து வைத்துள்ளனர். அவற்றில் காணும் லயன்கள் சில இன்று இல்லை; மறைந்த பாட்டனாரின் குரல் அத்தட்டில் மட்டுமே இருக்கின்றது. வீட்டு விழாக்கள் பதிவான தட்டுகளில் ஒருவகைச் சாயப் பூச்சு உள்ளது. வெயிலும் வெப்பமும் பட்டால் அது நாளடைவில் மங்கிவிடும். ஆகவே அவற்றை இப்பொழுதே இயக்கிப் பார்த்து, நல்ல நிலையில் உள்ளபோதே படி எடுத்து வைத்தல் நலம்.

இணைக்கத் தொடங்குமுன் இரு கருவிகளின் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவர் மின்சாரம் 230 வோல்ட்டு. நாம் செருகப்போகும் மஞ்சள் வயரில் ஓடுவதோ ஏறத்தாழ ஒரு வோல்ட்டு. மஞ்சள் வயரைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. சுவரைக் கண்டு அஞ்சுங்கள். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டியின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் மாணவர்கள் திறத்தல் கூடாது. அதனுள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாகும். பெட்டியை நிறுத்திய பின்னரும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும்.

பெரும்பாலான இயக்கிகளோடு மூன்று தலை கொண்ட வயர் ஒன்று வரும். மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு. இயக்கியில் 'அவுட்' என்று எழுதிய துளைகளில் ஒரு முனையையும், தொலைக்காட்சியில் 'இன்' என்று எழுதிய துளைகளில் மறு முனையையும் நிறம் பார்த்துச் செருகவேண்டும். தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் குழாயும் குடத்தின் வாயும் போன்றவை இவை. தொலைக்காட்சியிலும் சில வேளை 'அவுட்' துளைகள் இருக்கும். அவற்றில் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வாராது. மஞ்சள் தலையை வெள்ளைத் துளையில் செருகிவிட்டால் 'கொர்' என்ற இரைச்சல் கேட்கும், அதுவே அடையாளம். பழைய பெட்டியில் ஒலிக்கு ஒரே துளை இருப்பின் வெள்ளையை மட்டும் செருகினால் போதும்.

புதிய பெட்டிகள் சிலவற்றில் மஞ்சள் துளையே காணப்படுவதில்லை. பச்சைத் துளையின் அருகில் 'வீடியோ' என்றும் எழுதியிருந்தால் மஞ்சள் தலை அங்கேதான் செல்லவேண்டும்.

இனிப் பச்சை, நீலம், சிவப்பு என்னும் மற்றொரு மூன்று துளைகளின் கதை. மஞ்சள் வயரில் படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து செல்கின்றன. சோற்றையும் குழம்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டியது போல, பிறகு பிரித்தெடுப்பது கடினம். அதனால் ஓரங்களில் நிறம் கசிந்து காணும். மூன்று நிற வயர்களோ அவற்றைத் தனித்தனியே கொண்டு செல்வதால் படம் தெளிவாக அமையும். ஆனால் இம்மூன்றிலும் ஒலி இல்லை. வெள்ளையும் ஒலிக்குரிய சிவப்பும் தனியே வேண்டும். ஆக, சிவப்புத் தலை இரண்டு! குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றது. எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான தலையுடைய வயர் இரு கருவிகளிலும் பொருந்துமாயின் இத்தொல்லை ஏதுமில்லை. படமும் ஒலியும் ஒரே வயரில் சென்றுவிடும்.

செருகி முடித்தபின்னும் திரை வெறுமையாக இருந்தால் கடைக்காரரைக் குறை கூறவேண்டா. ரிமோட் கருவியில் 'ஏவி' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, எத்துளையில் செருகினோமோ அதனைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெட்டி எந்த வாயிலைப் பார்க்கவேண்டுமென நாம்தானே சொல்லவேண்டும்?

படம் கறுப்பு வெள்ளையாகத் தோன்றினாலோ மேலும் கீழும் உருண்டாலோ, பெரும்பாலும் ஒளிபரப்பு முறை வேறுபட்டிருக்கும். நம் நாட்டு முறை பால். அமெரிக்க முறை என்.டி.எஸ்.சி. தமிழ்ப் படத் தட்டுகள் சில பின்னதில் பதிந்தவை. இயக்கியின் அமைப்புப் பட்டியலில் 'பால்' என்று மாற்றினால் சரியாகும். 'இத்தட்டு இங்கு இயங்காது' என்னும் பொருளில் எழுத்துத் தோன்றினால் அது வட்டார எண்ணின் வேலை. மலேசியாவுக்கு எண் 3, இந்தியாவுக்கு எண் 5. எல்லா வட்டாரத்திற்கும் உரிய தட்டாயின் இத்தடை இல்லை.

பழைய வீடியோ நாடாக் கருவியின் வழியாக டி.வி.டி.யை இணைப்பதும் உண்டு. அவ்வாறு செய்தால் திரைப்படத் தட்டுகளில் படம் மங்கியும் வெளுத்தும் மாறி மாறித் தோன்றும். அது பழுதன்று, படி எடுப்பதைத் தடுக்கத் தட்டிலேயே வைத்த பூட்டு. நேராகத் தொலைக்காட்சியில் இணையுங்கள்.

2019ஆம் ஆண்டில் பழைய முறை ஒளிபரப்பு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபின், குழாய்ப் பெட்டிகளைப் பயனற்றவை என்று பலர் வீசிவிட்டனர். ஏரியல் துளைக்குத்தான் வேலை போயிற்று. மஞ்சள் துளை இன்றும் பணி செய்யும். அத்தகைய பெட்டியில் இலக்கமுறை டிகோடரையும் இணைத்திருந்தால், துளை ஒரே தொகுதி என்பதால், ஒன்றைக் கழற்றியே மற்றொன்றைச் செருகவேண்டும். மாற்றுப்பெட்டி ஒன்றிருப்பின் ஒரு சுவிட்சினால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

இடி முழங்கும் மாலைகளில் பிளக்கையும் ஏரியல் வயரையும் கழற்றி வையுங்கள்.

தட்டைத் துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. பதிவு சுருள் வடிவில் செல்கின்றது. குறுக்கே விழும் கீறலை இயக்கி ஓரளவு சரிசெய்து கொள்ளும். சுருளின் போக்கிலேயே விழும் கீறலை அதனால் தாண்ட இயலாது.