விதைப்பந்து: அமர்ந்தபடியே ஒரு தோட்டப்பணி

உடல்நலம் குன்றியோருக்கு மண்ணைக் கொத்துவதும் குனிந்து நடுவதும் எளிதன்று. ஆயினும், மேசையருகே அமர்ந்தபடியே செய்யத்தக்க தோட்டப்பணி ஒன்று உண்டு. அதுவே விதைப்பந்து உருட்டுதல்.

விதையைக் களிமண்ணால் பொதிந்து விதைக்கும் இப்பழைய முறைக்கு நம் காலத்தில் புத்துயிர் ஊட்டியவர் சப்பானிய இயற்கை உழவர் மசனோபு ஃபுகுவோகா (1913–2008). யோகோஹாமா சுங்கத்துறையில் தாவர ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், 25ஆம் வயதில் கடும் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலம்பெற்ற பின்னரும் நீங்காத மனச்சோர்வு அவரை வாழ்க்கையைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்கத் தூண்டியது. பணியைத் துறந்து சிக்கோக்குத் தீவிலிருந்த தந்தையின் நிலத்திற்குத் திரும்பிய அவர், உழாமல் விளைவிக்கும் முறையை வகுத்தார். 1988இல் மகசேசே விருது பெற்றார்.

செய்முறை

ஒரு பங்கு விதை, மூன்று பங்கு நன்கு மட்கிய உரம், ஐந்து பங்கு களிமண் ஆகியவற்றைக் கலந்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைய வேண்டும். மாவு கையில் ஒட்டாத பதத்திற்கு வந்ததும் கோலிக்குண்டு அளவில் உருட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்த வேண்டும். எறும்பு, பறவை, வெயில் ஆகியவற்றிலிருந்து களிமண் விதையைக் காக்கும். நல்ல மழை பெய்து பந்து கரைந்ததும் விதை முளைக்கும்.

கீரை, முள்ளங்கி விதைகள் தொட்டிக்கும், வேம்பு, புங்கம் போன்றவை திறந்த நிலத்திற்கும் ஏற்றவை. வேப்ப விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறையுமாதலால் புதிய விதையே வேண்டும். நிலத்தில் வீசுவதற்கு வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய நாள்கள் உகந்தவை. பிறர் நிலமாயின் இசைவு பெறுக. குழந்தைகள் உள்ள இல்லங்களில் நச்சுள்ள ஆமணக்கு, குன்றிமணி விதைகளைத் தவிர்த்திடுக.

நோயாளிகள் கவனத்திற்கு

மண்ணிலும் மட்கிய உரத்திலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோர், உறுப்புமாற்று செய்துகொண்டோர், நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரின் இசைவின்றி மண்ணைத் தொடலாகாது. அவர்கள் எந்த விதை, எந்த இடம் என்று தெரிவு செய்யட்டும், இல்லத்தார் உருட்டட்டும். முளை வருகின்றதா என்று நாள்தோறும் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் நோயாளிக்கே உரியதாகட்டும்.

நீரிழிவு நோயாளிகள் கையிலோ காலிலோ புண் இருக்கும்போது இப்பணியைத் தவிர்க்க வேண்டும். புண் இல்லாதபோதும் கையுறையும் காலணியும் அணிதல் நன்று. உலர்ந்த மண்ணையும் உரத்தையும் சலிக்கும்போது தூசி எழும். ஆகவே ஆஸ்துமா உள்ளோர் அவ்விடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும். சலிப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். பணி முடிந்ததும் சோப்பால் கைகழுவுக. காயம் ஏற்பட்டால் உடனே கழுவி, தடுப்பூசி தேவையா என மருத்துவரிடம் கேட்டறிக.

எல்லாப் பந்தும் முளைப்பதில்லை. அதனாலேயே ஒரே பந்தில் சில விதைகளை வைக்கிறோம். ஒரு பருவம் பொய்த்தாலும் மனந்தளராமல் அடுத்த பருவத்தில் மீண்டும் உருட்டலாம்.