திருட்டுத்தனமாகப் படித்த பாடப் புத்தகம்!

திருட்டுத்தனமாகப் படிக்கும் புத்தகம் என்றால் மட்டமான கதையாக இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். இது அப்படி அல்ல. ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதிய பாடப் புத்தகம்!

அவர் பெயர் ஜான் லயன்ஸ். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினார்.

கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யாது. இதைச் செய், அதைச் செய் என்று வரி வரியாகக் கட்டளை எழுதித் தர வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள். ‘யூனிக்ஸ்’ என்பது அப்படி ஒரு மென்பொருள். 1969-ம் ஆண்டு அமெரிக்காவில், பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது.

டெலிபோன் கம்பெனி

பெல் கூடம், ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் கம்பெனியைச் சேர்ந்தது. டெலிபோன் தொழிலோடு நிற்க வேண்டும், வேறு வியாபாரம் கூடாது என்று 1956-ல் அந்தக் கம்பெனிக்குக் கோர்ட்டு கட்டுப்பாடு விதித்திருந்தது. ஆகவே, பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பத் தொகைக்கு யூனிக்சைக் கொடுத்தது. கட்டளை வரிகளும் கூடவே வந்தன. பழுதானால் கம்பெனி ஆள் வரமாட்டார். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

ஆனால் ‘லைசென்சு’ என்று ஒன்று உண்டு. மென்பொருள் வந்து சேர்ந்தாலும் அது உங்கள் சொந்தம் அல்ல. வாடகை வீடு மாதிரி. குடியிருக்கலாம், சுவரை இடிக்கக் கூடாது. யூனிக்ஸ் வரிகளை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது நிபந்தனை. அதைக் காக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது.

லயன்ஸ் என்ன செய்தார்? சுமார் 9 ஆயிரம் வரிகளை ஒரு புத்தகமாகத் தொகுத்தார். இந்த வரி எதற்கு, அந்த வரி எதற்கு என்று விளக்கி இன்னொரு புத்தகம் எழுதினார். சாப்பிட்டுப் பார்த்தால் சமையல் வராது. அடுப்படிக்குள் போக வேண்டும் அல்லவா? மாணவர்களை அவர் அடுப்படிக்கே அழைத்துப் போனார்.

கதவு மூடியது

லைசென்சு பெற்றவர்களுக்கு மட்டுமே இந்தப் புத்தகம் கிடைத்தது. 1979-ல் யூனிக்சின் 7-வது பதிப்பு வந்தபோது நிபந்தனை இன்னும் இறுகியது. அதன் வரிகளை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாதாம்!

பாடுபட்டு எழுதியவன் தன் பொருளைக் காப்பது நியாயம்தான். ஆனால் உடலின் உள்ளே பார்க்கவிடாமல் வைத்தியம் கற்றுக்கொடுக்க முடியுமா?

மாணவர்கள் வேறு வழி கண்டார்கள். லயன்ஸ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்சையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தார்கள். நாடு நாடாக அது கை மாறியது.

ஆலந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாமில் இருந்த பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் சட்டப்படியே ஒரு வழி கண்டார். யூனிக்ஸ் மாதிரியே நடக்கும் ‘மினிக்ஸ்’ என்ற மென்பொருளைத் தானே புதிதாக எழுதினார். 1987-ல் அதன் வரிகளைப் பாடப் புத்தகத்திலேயே அச்சிட்டுவிட்டார்!

அதைப் படித்த பின்லாந்து மாணவர் ஒருவர் 1991-ல் ‘லினக்ஸ்’ என்ற மென்பொருளை எழுதினார். அவர் லினஸ் டோர்வால்ட்ஸ். மறு ஆண்டில் லினக்சுக்கு வந்த லைசென்சு நேர் எதிரானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுக்கலாம். மாற்றிப் பிறருக்குக் கொடுத்தால், அந்த வரிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதுதான் நிபந்தனை. ஆண்ட்ராய்டு செல்போனின் உள்ளே ஓடுவது இந்த லினக்ஸ்தான்.

லயன்ஸ் புத்தகம் 1996-ல் முறைப்படி அனுமதி பெற்றுக் கடைக்கு வந்தது. எழுதி ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1998-ல் லயன்ஸ் காலமானார்.