ஸ்டியரிங் யார் கையில்?

புது லாரி வாங்கிய மூன்றாம் மாதமே கியர் பாக்ஸ் மக்கர். ஷோரூமுக்கும் சர்வீஸுக்கும் அலைச்சல், 'பார்ட்ஸ் வரல' என்ற பதில். மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கம் கேட்டுப் பழகிய புலம்பல்தான் இது. ஓடாத நாட்களின் வாடகையைக் கணக்குப் போட்டுக் கேட்கலாம். தூக்கம் கெட்டதற்கு என்ன கணக்கு?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73-ஆவது பிரிவு: ஒப்பந்தம் மீறப்பட்டால் இயல்பாக விளையும் நட்டத்துக்கு ஈடு உண்டு, தொலைவான, மறைமுகமான நட்டத்துக்கு இல்லை. மன உளைச்சல் இதற்குள் சுலபமாக நுழைவதில்லை. காசியாபாத் வளர்ச்சி ஆணையத்தின் மனை வழக்கில், மன உளைச்சலுக்கென விதிக்கப்பட்டிருந்த 50,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. சாதாரண ஒப்பந்த மீறலுக்கு அப்படித் தருவதில்லை என்பதே காரணம். இந்தக் கறார் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கேயே 1972-இல், சுவிட்சர்லாந்து சுற்றுலாவில் ஏமாந்த ஜார்விஸ் என்பவருக்கு, கட்டிய தொகையைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக 125 பவுண்டு கிடைத்தது. மகிழ்ச்சியையே விற்றவர் அதைத் தராவிட்டால் ஈடு கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். லாரி ஷோரூம் மகிழ்ச்சியை விற்பதில்லையே!

நம் ஊரில் வழி வேறு: நுகர்வோர் ஆணையம். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், அலைக்கழிப்புக்கும் மன வேதனைக்கும் நுகர்வோர் மன்றங்கள் இழப்பீடு தரலாம் என்றது. 2004-இல் பல்பீர் சிங் வழக்கிலும் அதை உறுதி செய்தது. 'மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு இவ்வளவு' என்று உத்தரவுகளில் தனித்தனி வரி வருவது இதனால்தான்.

ஆனால் வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல. லாரி வணிகம்தானே? இங்கேதான் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று நாமக்கல்காரர்களுக்கு உதவுகிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் விற்ற இயந்திரம் பற்றிய லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கு அது. வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்ற நீதிமன்றம், கூடவே லாரியையும் உதாரணம் காட்டியது: பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான்; துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. கிளீனர் வைத்திருப்பவர் பயப்பட வேண்டியதில்லை. டிரைவரைப் போட்டு நாலு வண்டி ஓட்டும் முதலாளிக்கு மிஞ்சுவது சிவில் கோர்ட்டும் 73-ஆவது பிரிவும்தான். அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கலாம். சட்டம் அதைக் கேட்பதில்லை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியைப் பெங்களூரில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கெடு இரண்டு ஆண்டு. கட்டிய விலை 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். வண்டி விட்ட தேதி, எடுத்த தேதி உள்ள ஜாப் கார்டுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 'ரொம்பக் கஷ்டப்பட்டேன்' என்று ஒற்றை வரியில் எழுதுவதைவிட, எத்தனை தடவை அலைய நேர்ந்தது என்று அவை தெளிவாகவே சொல்லும்.