இடிக்கு முந்தி வருகிற காத்து

மத்தியானம் வரை நல்ல வெயில். ரெண்டு மணிக்குப் பிறகு கறுத்துக்கொண்டு வந்து இடியும் மின்னலும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நமது தோட்டங்களில் இது வழக்கம்தானே. வெயில் எல்லா மலையிலும் காய்கிறது. ஆனால் இடிமழை ஒரு மலையில் கொட்டிவிட்டு அடுத்த மலையை ஏன் விட்டுவிடுகிறது?

இதை அறியத்தான் விஞ்ஞானிகள் மேகம் எழும்புவதற்கு முன்பே ராடார் கருவியால் காற்றை ஆராய்ந்தார்கள். ராடார் அனுப்புகிற வானொலி அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வரும். மழையே இல்லாத வானத்தில் எதில் பட்டுத் திரும்பும்? வேடிக்கை என்னவென்றால், காற்றோடு பறக்கிற சின்னப் பூச்சிகளில்! காரணம் புரியாத காலத்தில் ராடார்காரர்கள் இந்த அடையாளங்களைத் 'தேவதைகள்' என்று சொன்னார்கள். நம் ஆட்களாயிருந்தால் முனி என்றிருப்பார்கள்.

லொறி கிட்ட வரும்போது ஹோர்ன் சத்தம் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தடித்தும் கேட்கிறதல்லவா? திரும்பி வரும் ராடார் அலையிலும் இப்படியொரு மாற்றம் உண்டு. அதை அளப்பது டொப்ளர் ராடார். பூச்சிகளைச் சுமந்த காற்று ராடாரை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, என்ன வேகம் என்று அது காட்டிவிடும்.

ரெண்டு காற்று எதிரெதிரே முட்டினால், போக வழியில்லாமல் மேலே எழும்பும். அந்த இடத்தில் பூச்சிகள் கூடுவதால் ராடாரில் மெல்லிய கோடு தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் 1984 கோடையில் பார்த்தபோது, 10 இடிமழையில் சுமார் 8 இப்படியான கோடுகளுக்குப் பக்கத்திலேயே பிறந்திருந்தன.

அந்தக் காற்றுகளில் ஒன்று நமக்கும் பழக்கமானது. மழைக்கு முந்தி மூஞ்சியில் சில்லென்று அடிக்குமே, அதுதான். 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒஹாயோவிலும் விமானங்களையும் ராடாரையும் கொண்டு செய்த ஆராய்ச்சி இதை விளக்கியது. மேகத்துக்குள் மழை விழும்போது காற்றும் குளிர்ந்து, கனத்துக் கீழே இறங்கித் தரையில் பரவுகிறது. மழையை முந்திக்கொண்டு ஓடி, எதிரே உள்ள வெப்பக் காற்றைத் தூக்கிப் புது மேகத்தையும் உண்டாக்குகிறது.

ஆகவே இடி வரும் பருவத்தில் அந்தக் காத்து வீசினால், எங்கோ பக்கத்தில் மேகம் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேணும். மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் விழலாம். நிரை முடியட்டும் என்று நிற்காமல், கூடையை இறக்கிவிட்டு, சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போங்கள். நிழல் மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழியுமுன் யாரையும் மலைக்குத் திருப்பி அனுப்பக் கூடாதென்று கங்காணிமாருக்கும் சொல்லி வைக்கிறோம்.