சேர்க்கை நாளில் ஏன் இத்தனை கேள்விகள்?

பக்கவாதத்துக்கு அவசர சிகிச்சை முடிந்து மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றப்படும் நோயாளருடன் வரும் குடும்பத்தாரின் முகத்தில் நிம்மதியோடு சலிப்பும் தெரியும். "இதையெல்லாம் கீழேயே சொல்லிவிட்டோமே, டாக்டர்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கீழே கேட்கப்பட்டது நோயைப் பற்றி. இங்கே கேட்கப்படுவது வாழ்க்கையைப் பற்றி.

வீட்டு வாசலில் எத்தனை படிகள்? கழிப்பறை குந்தி உட்காரும் வகையா, நாற்காலி வகையா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வலக்கைப் பழக்கமா, இடக்கைப் பழக்கமா? எழுதப் படிக்கத் தெரியுமா? இந்தக் கடைசிக் கேள்வி சிலருக்குச் சங்கடத்தைத் தருகிறது. எழுத்தே அறியாத ஒருவரிடம் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு சொல்லை நீட்டிப் படிக்கச் சொன்னால், அவர் படிக்க இயலாததை மூளைப் பாதிப்பு என்று தவறாகக் கணித்துவிடக்கூடும். அதற்காகவே கேட்கிறோம். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பல்செட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாலும் இதே குழப்பம் நேரும்.

எங்கள் குழுவில் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று பலர் உண்டு. பலர் பார்ப்பது பலம்; ஆனால் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருந்தால் அதுவே ஆபத்து. எங்கள் பிரிவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

அறுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி சேர்க்கப்பட்டார். பக்கவாதம் கண்ட முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், அவருக்கும் இருந்தது. பேச்சுப் பயிற்சியாளர் அன்று பிற்பகலே சோதித்து, தண்ணீர் போன்ற நீர்த்த பானங்கள் கூடாது, கஞ்சிப் பதத்தில் கெட்டியாக்கி, நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கரண்டியால் தர வேண்டும் என்று கோப்பில் எழுதினார், மனைவியிடமும் விளக்கினார். மாலையில் அந்த அம்மையார் ஊருக்குச் சென்றார். இரவுத் துணைக்கு அண்ணன் மகன் வந்தார். விடியற்காலையில் பெரியப்பாவோ சித்தப்பாவோ காபி கேட்டால் எந்தப் பிள்ளை மறுப்பான்? அவர் கொடுத்தார். நோயாளர் இருமவில்லை; எனவே நன்றாகக் குடித்துவிட்டார் என்றே எல்லோரும் எண்ணினோம். தொண்டையின் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இருமலே வராமல் பானம் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு நிமோனியா. பிழைத்துக்கொண்டார், ஆனால் நடைப்பயிற்சி தொடங்க வேண்டிய நாட்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்தார்.

அந்த இளைஞர் மீது எந்தக் குற்றமும் இல்லை. குறிப்பு கோப்பில் இருந்தது. கோப்பு செவிலியர் மேசையில் இருந்தது. காபி கட்டிலருகே இருந்தது.

அதன் பிறகு சிலவற்றை மாற்றினோம். விழுங்கும் முறை, எழுப்பி உட்கார வைக்கும் முறை, தூக்கி இழுக்கக் கூடாத கை எது என்பவை இப்போது கட்டிலின் தலைமாட்டில் தமிழில் எழுதித் தொங்குகின்றன. செவிலியர் பணி மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பதும் கட்டிலருகிலேயே, துணையிருப்பவர் காதுபட நடக்கிறது. இப்போதைய நிலை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு படிகளில் பேசுகிறார்கள். இந்த ஒழுங்கு அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அங்கும் ஒரு சொல் விடுபட்டால் விளைவு பெரிது.

வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு நோயாளரின் தற்சார்பையும் 18 செயல்களில் அளவிட்டுப் பேசுகிறோம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பு. மொத்தம் 18 முதல் 126 வரை. இது தேர்வு மதிப்பெண் அன்று; பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிட வேண்டாம். எண்ணைவிட, எண்களுக்கிடையே எழும் முரண்தான் எங்களுக்குப் பயன்படுகிறது. ஒருமுறை, நோயாளர் ஒருவர் துணையோடு நன்றாக நடக்கிறார் என்றார் இயன்முறை மருத்துவர். இரவில் கழிப்பறைக்கு இருவர் தூக்க வேண்டியிருக்கிறது என்றார் செவிலியர். இருவர் சொன்னதும் உண்மையே. இடையில் இருந்தது, தசை இறுக்கத்துக்கென நான் எழுதியிருந்த இரவு மாத்திரை. அளவைக் குறைத்தோம், நான்கே நாட்களில் ஒருவர் துணை போதுமானதாயிற்று. தனித்தனியே எழுதி வைத்திருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

உங்களிடமிருந்தும் சில செய்திகள் எங்களுக்கு வேண்டும். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, சீட்டுகளோடும் பொட்டலங்களோடும் கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையோடு சில மூலிகைகள் ஒத்துப்போவதில்லை. மதுப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் நாங்கள் வேறு நோயாக எண்ணிவிடக்கூடும். துணைக்கு ஆள் மாறினால், புதிதாக வருபவரைச் செவிலியரிடம் அறிமுகப்படுத்திவிட்டுச் செல்லுங்கள். எங்கள் சொல் புரியாவிட்டால், மரியாதைக்காகத் தலையசைக்காமல் மீண்டும் கேளுங்கள்.

வாரக் கூட்டத்துக்குக் குடும்பத்தில் ஒருவர் வரலாம். பகலில் வேலைக்குச் செல்பவர் முதல் நாளே செவிலியரிடம் தெரிவித்தால், அவருடைய நோயாளரைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம்.