‘நீங்க எந்தக் கோயில்?’: செட்டிநாட்டில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பேச்சு தொடங்கினால், நகரத்தார் வீடுகளில் முதலில் கேட்பது இதைத்தான்: “நீங்க எந்தக் கோயில்?”

பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்பது நகரத்தாரின் மரபுவழி நம்பிக்கை. வட்டித்தொழிலுக்காக பர்மா, மலேயா எனக் கடல் கடந்தபோதும் அவர்களின் அடையாளம் கலையவில்லை. காரணம், 9 நகரக் கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது.

ஒரே கோயில்னா பங்காளி. பொதுவாகப் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். உட்பிரிவுகள் உள்ள கோயில்களில் மட்டும் விதிவிலக்கு உண்டு. கல்யாணத்துக்கு இரு வீட்டுக் கோயில்களிலிருந்தும் மாலை வரவேண்டும். அதன்பிறகு, தம்பதி சேர்ந்து கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’.

ஆக, பிறந்தால் மட்டும் போதாது. கல்யாணம்தான் கணக்கில் சேர்க்கிறது. சமூகத்துக்கு வெளியே மணம் முடிப்பவர்களுக்கும் புள்ளி உண்டா? அடையாளத்தின் அடுத்த கட்டம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது.